லொக் பொய் சொல்லாது

"லொக் பொய் சொல்லாது தம்பி."

2022 ஒக்டோபரில், வடமராட்சிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் வைத்து, பத்தாம் ஆண்டு படிக்கிற ஒரு பெடியனுக்கு நான் சொன்ன வசனம் இது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். என் மடியில் லப்டொப். திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி, ஓரிடத்தில் திடீரென்று முடிந்திருந்தன. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 4.17.

பக்கத்து மேசையில் வாசிகசாலையின் வரவுப் பதிவுக் கொப்பி. அதில் செவ்வாய்க்கிழமை 4 மணியிலிருந்து 5 மணி வரை அவனுடைய பெயர். அவன் வழமையாக இருக்கிற கதிரை பிளக்குக்குப் பக்கத்தில். தன்னுடைய போனைச் சார்ஜில் போட அவன் ஒருமுறை எங்கள் பெட்டியின் வயரைக் கழற்றியதைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

"நான் கழட்டேல்ல அண்ணா."

"அப்ப 4.17க்கு ஆர் கழட்டினது?"

அங்கே இன்னும் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. வாசிகசாலைப் பொறுப்பாளர் ஐயா, "சரி தம்பி, கொஞ்ச நாளைக்கு இஞ்சால வராத" என்றார். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் கழற்றவில்லை. அதை நான் கண்டுபிடிக்க இரண்டு கிழமை எடுத்தது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு கிழமையைப் பற்றியது. லினக்ஸ் பற்றியும் இதில் நிறைய இருக்கிறது. ராஸ்பெரி பை மாதிரியான ஒரு சின்னப் போர்டை வைத்து ஏதாவது செய்துபார்க்கிற ஆளாக நீங்கள் இருந்தால், நான் விட்ட பிழைகளில் ஒன்றிரண்டாவது உங்களுக்கு உதவும்.

*

முதலில் பெட்டியைப் பற்றி.

கம்பஸ் கடைசி வருடப் புரொஜெக்டுக்காக 2020இல் ஒரு ராஸ்பெரி பை 4 வாங்கியிருந்தேன். 2 ஜிபி மெமரி. அடையாள அட்டையை விடக் கொஞ்சம் பெரிய பச்சைப் போர்டு. ஒரு கணினிக்கு வேண்டிய எல்லாமே அந்த ஒரு போர்டிலேயே இருக்கும். புரொஜெக்ட் முடிய அது அலுமாரிக்குள் போய்விட்டது.

2022இல் நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. டேட்டா விலையும் ஏறியது. உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அம்மாவின் ஊர்ப் பிள்ளைகள் பாஸ்ட் பேப்பர் டவுன்லோட் பண்ணக்கூட ரீலோட் பார்த்துப் பார்த்துப் போடுகிற நிலை.

அப்போதுதான் அலுமாரிக்குள் கிடந்த போர்டு ஞாபகம் வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டேன். இணையம் இல்லாமல் விக்கிப்பீடியாவை வாசிக்க உதவுகிற கிவிக்ஸைப் போட்டு, அதில் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக ஏற்றினேன். பழைய ஹாட் டிஸ்க் ஒன்றில் பாடநூல்களும், பாஸ்ட் பேப்பர்களும், தெரிந்த ஆசிரியர்கள் பதிவுசெய்து தந்த பாட வீடியோக்களும். பெட்டியே ஒரு வைஃபை கொடுக்கும். பிள்ளைகள் போனை அதோடு இணைத்தால் ஒரு சதம் டேட்டா இல்லாமல் எல்லாம் பார்க்கலாம். தங்கள் நோட்ஸைப் படம் எடுத்து ஏற்றிவைக்க ஒரு ஃபோல்டரும் கொடுத்தேன்.

ஓகஸ்டில் கொண்டுபோய் வைத்தேன். அந்த நேரம் மின்வெட்டு நாளுக்கு இரண்டு இரண்டரை மணித்தியாலமாகக் குறைந்திருந்தது. பகலில் ஒரு வெட்டு, இரவில் ஒரு வெட்டு. அட்டவணை முன்னமே வரும். எதிர்வீட்டில் இருக்கிற பொறுப்பாளர் ஐயா கரண்ட் போக ஐந்து நிமிடத்துக்கு முதல் வந்து, நான் பொருத்திய பட்டனை அமத்திப் பெட்டியை ஒழுங்காக நிற்பாட்டிவிட்டுப் போவார். கரண்ட் வந்ததும் பெட்டி தானாக எழும்பும். திண்ணையில் இருந்து இரவிலும் பிள்ளைகள் பாவித்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை. போற வாற இடமெல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றிக் கதைத்தேன்.

*

செப்டெம்பர் கடைசியில் ஐயா எடுத்தார். "தம்பி, உங்கட பெட்டி உயிரோட இல்லை போல."

யாழ்ப்பாணத்திலிருந்து அந்த ஊருக்கு முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கியூஆரில் கிடைக்கும். அதனால் போகிற ஒவ்வொரு தடவையும் 'இண்டைக்கே முடிச்சிட்டு வரவேணும்' என்ற அவசரம் இருந்தது. இந்தக் கதையில் நடந்த பிழைகளில் பாதி அந்த அவசரத்தால் வந்தவை.

சிவப்பு லைட் எரிகிறது. பச்சை லைட் அசையவில்லை. வீட்டுக் கணினி பழுதானால் திரையில் ஏதாவது எழுதிக் காட்டும். திரையே இணைக்காத இந்தப் போர்டில் பார்ப்பதற்கு இருப்பது அந்த இரண்டு லைட்டும்தான். சிவப்பு, கரண்ட் வருகிறது என்பதற்கு. பச்சை, எஸ்டி காட்டை வாசிக்கிறது என்பதற்கு. பச்சை ஒரு கணக்கில் மினுங்கினால் அதற்கு அர்த்தம் உண்டு. நான்கு தரம் மினுங்கி நிறுத்தினால் காட்டில் இருக்கவேண்டிய தொடக்கக் கோப்பைக் காணவில்லை. ஏழு தரம் என்றால் கேர்னலைக் காணவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், காட்டை அழித்துப் புதிதாக ஓஎஸ் போடுவது. போட்டேன். ஒரு மணித்தியாலத்தில் பெட்டி எழும்பியது. எல்லோருக்கும் சந்தோசம்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லை. உயர்தரம் பௌதிக விஞ்ஞானம் படிக்கிற அந்தத் தங்கச்சி வந்து, "அண்ணா, என்ர இரசாயனவியல் நோட்ஸ் படங்கள்?" என்று கேட்டாள். நோட்ஸ் ஃபோல்டரை ஹாட் டிஸ்க்கில் வைக்காமல் காட்டிலேயே வைத்திருந்தேன். அழித்ததும் நான்தான். அவள் அந்தக் கொப்பியைத் தோழி ஒருத்திக்குக் கொடுத்திருந்தாள், அந்தத் தோழி குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டாள். "பரவாயில்லை அண்ணா" என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

பழுதான காட்டைத் திருத்த முதல் அப்படியே ஒரு பிரதி எடுக்கவேண்டும். லினக்ஸில் அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். பிறகு பிரதியில் என்ன பரிசோதனையும் செய்யலாம், மூலம் பத்திரமாக இருக்கும். இதைப் படிக்க நான் கொடுத்த விலை இன்னொருவருடைய நோட்ஸ்.

*

எட்டு ஒன்பது நாள் கழித்துத் திரும்பவும் செத்தது. ஐயா அந்தக் கிழமை மகளின் வீட்டுக்குப் போயிருந்தார். எப்போது நின்றது என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை.

இந்த முறை படித்த பாடத்தின்படி காட்டைக் கழற்றி லப்டொப்பில் போட்டுப் பிரதி எடுத்தேன். பிறகு லொக்கைத் திறந்தேன். லினக்ஸில் நடக்கிறதெல்லாம் நேரத்தோடு பதிவாகும். யார் இணைந்தார்கள், எந்தச் சாதனம் வந்தது, எது நின்றது. ஐயா பட்டனை அமத்திய இடமெல்லாம் வடிவாகத் தெரிந்தது: ஒவ்வொரு சேவையாக நிறுத்தி, டிஸ்க்கை விடுவித்து, முறைப்படி விடைபெற்றிருந்தது. ஒரேயொரு இடத்தில் மட்டும் அப்படி இல்லை. செவ்வாய் 4.17க்கு அரைவாசியில் அறுந்து கிடந்தது.

ஒழுங்காக நிற்பாட்டாமல் கரண்ட் அறுந்தால்தான் அப்படி வரும். ஆகவே யாரோ வயரைக் கழற்றியிருக்கவேண்டும். பதிவுக் கொப்பியைப் பார்த்தேன். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பிழை என்னுடைய வேலையில் இல்லை, வெளியில் இருக்கிறது. காட்டைத் திருத்திப் போட்டேன். என் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுப் பெட்டியைக் கொஞ்ச நேரம் இணையத்தோடு இணைத்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வெளிக்கிட்டேன். பிளக்குக்கு மேலே ஒரு கடதாசி ஒட்டினேன்: 'கழற்ற வேண்டாம்.'

*

பதின்மூன்றாம் நாள் மூன்றாம் தரம் நின்றது. அந்தப் பெடியன் அதுவரைக்கும் வாசிகசாலைப் பக்கமே வரவில்லை.

அந்தச் செய்தியைக் கேட்டதும் வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

இந்த முறை அவசரப்படாமல் போனேன். கூட ஒரு யூஎஸ்பி சீரியல் வயரும் கொண்டுபோனேன். போர்டில் 40 பின்கள் இரண்டு வரிசையில் இருக்கும். அதில் 6ஆவது கிரவுண்ட், 8ஆவது போர்டு கதைக்கிற பின், 10ஆவது போர்டு கேட்கிற பின். மறுபக்கத்தை லப்டொப்பில் குத்தி, வேகத்தை 115200 என்று வைத்தால், பெட்டி கண் முழிக்கிற கணத்திலிருந்து என்ன நினைக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். 3.3 வோல்ட் வயராக இருக்கவேண்டும். 5 வோல்ட் வயரைக் கொடுத்தால் போர்டு போய்விடும். 2022இல் உலகம் முழுக்கப் பை தட்டுப்பாடு. அது போனால் இன்னொன்று வாங்க வழியே இல்லை. அதனால் மல்டிமீற்றரால் அளந்து பார்த்துவிட்டுத்தான் குத்தினேன்.

பெட்டி பேசியது. போர்டிலுள்ள சின்ன மெமரியிலிருந்து தொடக்க நிரல், பிறகு காட்டிலிருந்து அடுத்த கோப்பு, பிறகு கேர்னல். கேர்னலோடு சேர்த்து 'டிவைஸ் ட்ரீ' என்று ஒன்றும் ஏற்றப்படும். வீட்டுக் கணினி தன்னில் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று பெரும்பாலும் தானே தேடிக் கண்டுபிடிக்கும். ஏஆர்எம் போர்டுகளில் அது முடியாது. எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்ற வரைபடத்தை நாங்கள்தான் கொடுக்கவேண்டும். அதனால்தான் ஒரு போர்டுக்கு எடுத்த ஓஎஸ் இன்னொரு கொம்பனியின் போர்டில் எழும்பாது. எல்லாம் ஒழுங்காக வந்தது. லொகின் கேட்டது. உள்ளே போனேன்.

அன்றைக்கு என் போனில் டேட்டா முடிந்திருந்தது, ஹொட்ஸ்பொட் போடவில்லை. ஏதோ ஒரு நினைப்பில் திகதி கேட்கிற கட்டளையை அடித்தேன்.

பெட்டி ஞாயிற்றுக்கிழமை என்றது. அன்றைக்குத் திங்கள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பெட்டி கிட்டத்தட்ட 30 மணித்தியாலம் பின்னுக்கு நின்றது.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு விளங்கியது.

பை 4இல் மணிக்கூடு இல்லை. வீட்டுக் கணினிகளில் ஒரு சின்ன வட்ட பற்றி இருக்கும், கணினி நின்றிருந்தாலும் நேரம் ஓடும். இந்தப் போர்டில் செலவைக் குறைக்க அதை வைக்கவில்லை. இணையம் இருந்தால் இணையத்திடம் நேரம் கேட்கும். இல்லாவிட்டால், நிற்க முதல் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து திரும்ப எண்ணத் தொடங்கும். தான் நித்திரை கொண்ட நேரம் அதற்குத் தெரியாது. நாளுக்கு இரண்டே கால் மணித்தியாலம் மின்வெட்டு என்றால், நாளுக்கு இரண்டே கால் மணித்தியாலம் அது பின்தங்கும். எட்டு நாளில் 18 மணித்தியாலம்.

நான் வந்து நிற்கிற நேரமெல்லாம் என் ஹொட்ஸ்பொட்டைப் பிடித்து அது தன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். எனக்குப் பக்கத்தில் அது ஒருபோதும் பிழையான நேரம் காட்டியதில்லை.

செவ்வாய் பிற்பகல் 4.17. அதோடு 18 மணித்தியாலம். புதன்கிழமை காலை 10.17. கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் காலை. பள்ளிக்கூட நேரம்.

*

அந்தத் தங்கச்சி யன்னல் பக்கம் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். உயர்தரப் பிள்ளைகள் பரீட்சை கிட்டினால் பள்ளிக்கூடம் போவது குறைவு. அவளிடம் கேட்டேன், போன முறை பெட்டி நின்றது எப்போது என்று தெரியுமா?

கொப்பி ஒன்றைப் புரட்டினாள். நாள், நேரம், எந்தப் பாடம், எந்த வீடியோவில் எந்த நிமிடம் வரை பார்த்தது என்று ஒவ்வொரு வரியாக எழுதியிருந்தாள். "புதன் 10.50. நான் பௌதிகவியல் வீடியோ அமத்தினன், வரேல்ல. அதோட நிண்டுட்டுது."

"உதை ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?"

"நான் அண்டைக்கு வரேல்லை அண்ணா. பிறகு நீங்கள் கேக்கவும் இல்லை."

எப்போதிருந்து இப்படி எழுதுகிறாய் என்று கேட்டேன். நோட்ஸ் அழிஞ்ச பிறகு, என்றாள். "பெட்டியை நம்பேலாது எண்டு கொப்பியில எழுதத் தொடங்கினான்."

அந்தக் கொப்பியில் இன்னொன்றும் இருந்தது. மூன்று முறையும் நின்றதை அவள் குறித்திருந்தாள். முதல் முறை நினைவிலிருந்து, மற்ற இரண்டும் நடந்தபோதே. மூன்று முறையும் கொஞ்ச நேரம் ஒருவரும் வீடியோ பார்க்காமல் இருந்து, பிறகு ஒருவர் வீடியோ அமத்தின கணத்தில்தான் நின்றிருக்கிறது.

வீடியோக்கள் இருப்பது ஹாட் டிஸ்க்கில். கொஞ்ச நேரம் வேலை இல்லாவிட்டால் ஹாட் டிஸ்க் சுழல்வதை நிறுத்திவிடும். திரும்பச் சுழலத் தொடங்குகிற அந்த ஒன்றிரண்டு செக்கன்தான் அதற்கு ஆகக் கூடுதலான கரண்ட் தேவை.

பழைய லொக்கைத் திரும்பத் திறந்தேன். இரண்டு கிழமைக்கு முதல் நான் அந்தப் பெடியனுக்குக் காட்டின அதே லொக். இப்போது வேறொன்றைத் தேடினேன். இருந்தது. 'மின்னழுத்தம் குறைவு' என்று கேர்னல் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. டசின் கணக்கில். 4.17க்குக் கொஞ்சம் மேலேயும் ஒன்று. அன்றைக்கு அந்த வரிகள் என் கண்ணில் பட்டன. வழமையாக வருகிற எச்சரிக்கைதானே என்று தாண்டிப் போயிருக்கிறேன். நான் தேடிக்கொண்டிருந்தது ஆளை.

போர்டிடம் நேரடியாகவே கேட்கலாம், உனக்கு மின்சாரம் ஒழுங்காக வந்ததா என்று. ஹாட் டிஸ்க்கைச் சுழலவிட்டுக் கேட்டேன். 50005 என்று ஒரு பதினறும எண் வந்தது. அதில் கடைசி 5, இப்போது அழுத்தம் குறைவு, அதனால் வேகத்தைக் குறைத்திருக்கிறேன் என்பது. முன்னுக்கு இருக்கிற 5, நான் எழும்பின பிறகு இது முன்னமும் நடந்திருக்கிறது என்பது.

போர்டுக்கு வேண்டியது 5.1 வோல்ட். 4.63க்குக் கீழே போனால் எச்சரிக்கும். திரை இணைத்திருந்தால் ஒரு மஞ்சள் மின்னல் குறியும் காட்டும். எங்கள் பெட்டிக்குத் திரை இல்லை. மல்டிமீற்றரை 5 வோல்ட் பின்னிலும் கிரவுண்டிலும் வைத்தேன். சும்மா இருக்கும்போது 4.85. வீடியோ அமத்தினேன். 4.6க்கும் கீழே விழுந்து திரும்பி வந்தது.

இனி ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் சரிவந்தாலும் எது காரணம் என்று தெரியாது. முதலில் சார்ஜரை மாற்றினேன். அப்படியேதான் விழுந்தது. பழைய சார்ஜரைத் திரும்பக் குத்தி, வயரை மட்டும் மாற்றினேன். ஐயாவின் மகனுடைய போனுக்கு வந்த கட்டையான, தடித்த வயர். 4.8க்குக் கீழே போகவில்லை.

வயர். ஒரு மீற்றர் நீளமான, பார்க்க வடிவான, உள்ளே மயிர் போல மெல்லிய கம்பி இருக்கிற வயர். கணக்கு ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்ததுதான். போக வரக் கால் ஓம் தடை. 2 அம்பியர் போனால் அரை வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். 5இலிருந்து அரை போனால் 4.5. போனுக்கு அது பிரச்சினை இல்லை, கொஞ்சம் மெதுவாகச் சார்ஜ் ஏறும். போர்டுக்குப் பொறுத்திருக்க நேரமில்லை. எழுதிக்கொண்டிருந்த எஸ்டி காட் அரைவாசியில் குழம்பும்.

அந்த வயரை நடைபாதைக் கடையில் பார்த்து வாங்கிக் கொண்டுவந்து வைத்தது நான்.

*

ஏஆர்எம் பற்றி ஒரு கதை உண்டு. 1985 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் ஏக்கோர்ன் என்ற சின்னக் கொம்பனிக்கு முதல் ஏஆர்எம் சிப் வந்து சேர்ந்தது. வடிவமைத்தவர்கள் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபேர்பரும். குத்தினார்கள், வேலை செய்தது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளந்தால் மீற்றர் பூச்சியம் காட்டியது. பார்த்தால், சிப்புக்கு மின்சாரம் கொடுக்கிற இணைப்பே வேலை செய்யவில்லை. பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே சிப் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தக் கதையை நான் அந்தப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சக் கரண்டில் ஓடுகிற சிப், அதனால்தான் எங்கள் போன்களில் எல்லாம் இருக்கிறது, அதனால்தான் எங்கள் ஊருக்கும் ஏற்றது என்று. கொஞ்சக் கரண்ட் போதும் என்பது வேறு, வருகிற கரண்ட் ஒழுங்காக வரவேண்டும் என்பது வேறு. அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை.

இப்போது யாராவது தங்கள் போர்டு ஏனோ தானோ என்று நிற்கிறது என்று கேட்டால் நான் சொல்கிற ஒழுங்கு இதுதான். முதலில் மின்சாரம்: வயர், சார்ஜர், குத்தியிருக்கிற சாதனங்கள். போனுக்கு வருகிற பெரிய வாற் வேகச் சார்ஜரைக் கண்டு ஏமாறவேண்டாம். அது போன் கேட்டால்தான் கூட்டிக் கொடுக்கும். பை 4 கேட்கத் தெரியாத ஆள், 5 வோல்டில் 3 அம்பியர் தரக்கூடியதா என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டாவது காட்: பிரதி எடுத்த பிறகு சோதியுங்கள். மூன்றாவது சூடு: 80 பாகை தாண்டினால் தானே வேகத்தைக் குறைக்கும். மென்பொருள் கடைசி. நான் தலைகீழாகச் செய்தேன்.

வயரையும் சார்ஜரையும் ஒழுங்கானதாக மாற்றினேன். பற்றி போட்ட சின்ன மணிக்கூட்டுச் சிப் ஒன்றைப் பின்களில் பொருத்தி, அதற்கான வரியைக் கொன்ஃபிக்கில் சேர்த்தேன். இனிப் பெட்டி நித்திரையாலும் நேரம் தெரியும். காட்டை வாசிக்க மட்டும் என்று பூட்டினேன், நோட்ஸ் ஃபோல்டரை ஹாட் டிஸ்க்குக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு பரீட்சை முடியும் வரை அது நிற்கவில்லை.

*

அந்தப் பெடியனின் வீட்டுக்கு அன்று பின்னேரமே போனேன். முற்றத்தில் தம்பியோடு பந்து அடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவனுடைய அம்மா வாசலுக்கு வந்தா. நான் வருவது நல்லதுக்கில்லை என்று அவ நினைத்தது முகத்தில் தெரிந்தது.

லப்டொப்பைத் திறந்து காட்டி விளங்கப்படுத்துவது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். மணிக்கூடு, மின்னழுத்தம், வயர் எல்லாம். அவனுக்கு முன்னால் நிற்கும்போது அது சரியாகப் படவில்லை. அன்றைக்கும் லப்டொப்பைத்தானே காட்டினேன்.

"தம்பி, நீ கழட்டேல்ல. என்ர வயர்தான் பிழை. எல்லாருக்கும் முன்னால உன்னைக் கேட்டது என்ர பிழை."

அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். "அப்ப 4.17?"

"பெட்டியின்ர மணிக்கூடு பிழை."

"அது பொய் சொல்லாது எண்டனீங்கள்."

"ஓம்."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபம் என்றும் சொல்லவில்லை. "சரி அண்ணா" என்றுவிட்டுத் திரும்பப் பந்து அடிக்கப் போனான். அவனுடைய அம்மா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னா. குடித்தேன். அடுத்த நாள் ஐயாவிடம் சொல்லி, அதே பிள்ளைகள் இருக்கிற நேரம் பார்த்து, அதே மேசைக்குப் பக்கத்தில் நின்று திரும்பவும் சொன்னேன். அவன் அங்கே இல்லை. இருந்தாலும் அவர்களுக்குச் சொல்லவேண்டி இருந்தது.

அந்த லொக்கை நான் பல தரம் யோசித்திருக்கிறேன். நான் நம்பிய ஒன்றில், நேரத்தில், அது பிழை. நான் தாண்டிப்போன ஒன்றில், மின்னழுத்தத்தில், அது சரி. இரண்டும் ஒரே கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. 'எங்கே பிழை' என்று கேட்டு வாசித்திருந்தால் இரண்டாவதைக் கண்டிருப்பேன். நான் 'யார் பிழை' என்று கேட்டு வாசித்தேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு 80 பக்கக் கொப்பி கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். யாருக்கு என்ன பிரச்சினை வந்தாலும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதவேண்டும். முதல் பக்கம் முழுக்க அந்தத் தங்கச்சியின் எழுத்து.

டிசெம்பரில் போனபோது கொப்பியைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் பழக்கமில்லாத சரிவான எழுத்தில் ஒரு வரி இருந்தது. பெயர் போடவில்லை.

'பி.ப. 5.40. வீடியோ நல்லா ஓடுது. வயரை நான் தொடேல்ல.'